ஒன்றியத்தை விட்டு ஒரு நாடு விலகும்போது: பிரெக்சிட்டின் விளைவுகளை எடைபோடும் முறை

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று பிரிட்டன் வாக்காளர்களில் 51.9 சதவீதத்தினரும், நீடிக்க வேண்டும் என்று 48.1 சதவீதத்தினரும் வாக்களித்தனர். முடிவுகள் வரத் தொடங்கிய அந்த இரவிலேயே, ஏறத்தாழ 1.50 டாலராக இருந்த பவுண்டின் மதிப்பு 1.33 டாலர் அளவுக்குச் சரிந்தது. அன்றைக்குப் பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. டோவர் துறைமுகத்தில் லாரிகள் முந்தைய நாளைப் போலவே தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தன. ஆயினும், வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் பவுண்டு கொடுக்க வேண்டிய நிலை அன்றே பிறந்துவிட்டது.

விலகலின் விளைவுகள் சட்டத்தின் காலண்டரைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு அந்த இரவே சான்று. சில விளைவுகள் விலகலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்தன. சில, விலகி நான்கு ஆண்டுகள் கழித்து வந்தன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர், ஐரோப்பாவில் உறவினர் உள்ளவர், இதழ்களுக்கு எழுதுபவர் என எவராயினும், பிரெக்சிட் எனப்படும் இந்தப் பிரிட்டன் விலகலைப் பற்றி ஒரு கூற்று காதில் விழுந்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்த்து எடைபோடுவது என்பதற்கான வழிமுறையைக் கீழே தந்திருக்கிறேன். பிற ஒன்றியங்களில் நடக்கும் விலகல்களுக்கும் இதே வழிமுறை பெரும்பாலும் பொருந்தும்.

தேதியைக் கேளுங்கள்

“பிரெக்சிட்டுக்குப் பிறகு” என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், எந்தத் தேதிக்குப் பிறகு என்று கேட்பதே முதல் வேலை. வாக்கெடுப்பு நடந்தது 2016இல். ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்திலுள்ள 50ஆவது பிரிவின்படி, விலகும் எண்ணத்தைப் பிரிட்டன் முறைப்படி அறிவித்தது 2017 மார்ச் 29 அன்று. பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019இல் மூன்று முறை நிராகரித்தது. அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் காலத்தில், 2020 ஜனவரி 31 இரவு பதினொரு மணிக்குப் பிரிட்டன் சட்டப்படி வெளியேறியது. ஆனால் அன்றும் வணிகரின் அன்றாட வாழ்க்கையில் மாற்றமில்லை. ஏனெனில் 2020 டிசம்பர் 31 வரை இடைமாற்றக் காலமாக வைத்து, பழைய விதிகளே தொடரும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. எல்லையில் சுங்கப் படிவங்கள் முளைத்தது 2021 ஜனவரி 1 முதல்தான்.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பல வாதங்கள் தாமாகவே தெளிவடையும். 2020 டிசம்பர் 2 அன்று கொரோனா தடுப்பூசிக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்த மேற்கத்திய நாடு பிரிட்டன் என்பதும், அது பிரெக்சிட்டின் நற்பயன் என்பதும் பலமுறை சொல்லப்பட்டன. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைத் தேதியோடு ஒட்டிப் பாருங்கள்: அது இடைமாற்றக் காலம், ஒன்றியத்தின் மருந்துச் சட்டம் அப்போதும் பிரிட்டனில் நடைமுறையில் இருந்தது, அவசரத் தேவைக்கு உறுப்பு நாடு தானாகவே தற்காலிக ஒப்புதல் தரலாம் என்று அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவாகச் செயல்பட்டது பாராட்டுக்குரியது. அந்த விரைவுக்கு விலகல் தேவைப்பட்டிருக்கவில்லை.

எந்த அடுக்கிலிருந்து விலகினார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே கட்டடம் போலத் தோன்றினாலும் அது பல அடுக்குகள் கொண்டது. உறுப்பு நாடுகளுக்கிடையே தீர்வை, அதாவது இறக்குமதி வரி, இல்லாத வணிகம் ஓர் அடுக்கு. வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே தீர்வையை விதிக்கும் சுங்க ஒன்றியம் அடுத்தது. பொருள், சேவை, மூலதனம், மனிதர் என நான்கும் தடையின்றி நகர, ஒரே தர விதிகளை எல்லோரும் ஏற்கும் ஒற்றைச் சந்தை அதற்கும் மேலே. அந்த விதிகளை இயற்றும் நாடாளுமன்றம், அமைச்சரவைக் குழு, நீதிமன்றம் ஆகியவை அரசியல் அடுக்கு. யூரோ நாணயமும், நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கிய ஷெங்கன் எல்லைத் திறப்பும் தனி அடுக்குகள். இவ்விரண்டிலும் பிரிட்டன் எப்போதுமே சேர்ந்ததில்லை.

நார்வே ஒன்றியத்தின் உறுப்பினர் அல்ல, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை, ஆனால் தொழிற்பொருள்களுக்கான சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. ஆக, விலகல் என்பதில் பல வகைகள் உண்டு. பிரிட்டன் தேர்ந்தெடுத்தது சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை, அரசியல் அமைப்புகள் ஆகிய எல்லாவற்றையும் விட்டு வெளியேறும் வகையை. 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தம், கீழ் அடுக்கான தீர்வையில்லா வணிகத்தை மட்டும் மீட்டுத் தந்தது. 2016இல் மக்களிடம் கேட்கப்பட்டது நீடிப்பதா, விலகுவதா என்ற ஒற்றைக் கேள்விதான். எந்த அடுக்கிலிருந்து என்று கேட்கப்படவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் அந்நாட்டு அரசியல் பட்ட பாட்டுக்கு வேர் இங்கே இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

ஒரு பெட்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்

தீர்வை பூச்சியம் என்றால் பாதிப்பும் பூச்சியம்தானே என்ற எண்ணம் இயல்பாக எழும். இதைச் சோதிக்கச் சதவீதக் கணக்குகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு பெட்டியின் பயணத்தைப் பின்தொடர்வதே நல்ல வழி. பெரிய எண்கள் மறைப்பதை அந்தப் பெட்டி காட்டிக்கொடுக்கும்.

ஸ்காட்லாந்தின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிடிக்கப்படும் இறால் வகைகள் பிரான்சின் சந்தைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். 2020 வரை அவற்றைப் பனிக்கட்டியில் இட்டு லாரியில் ஏற்றினால் போதும். கிளாஸ்கோவுக்கு அனுப்புவதற்கும் பாரிஸுக்கு அனுப்புவதற்கும் தாள் வேலையில் வேறுபாடு இல்லை. 2021 ஜனவரி முதல், பிடிப்புச் சான்றிதழ், அதிகாரப்பூர்வச் சுகாதாரச் சான்றிதழ், ஏற்றுமதிச் சுங்க அறிவிப்பு, மறுகரையில் இறக்குமதிச் சுங்க அறிவிப்பு, எல்லைச் சோதனைச் சாவடியில் பரிசோதனை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சிறு வணிகர்கள் பலர் ஒரே லாரியில் சரக்கைச் சேர்த்து அனுப்புவது வழக்கம்; அதில் ஒருவருடைய தாளில் பிழை இருந்தாலும் லாரி முழுவதும் நிற்கும். உயிருள்ள கடலுணவுக்குக் காத்திருப்பு என்பது நேரடி நட்டம். அந்த மாதம் 18ஆம் தேதி கடலுணவு லாரிகள் லண்டனில் அரசு அலுவலகங்களின் வாசலுக்கே வந்து நின்றது இதனால்தான். தூய்மையில் இரண்டாம் தர நீர்ப்பரப்பாக வகைப்படுத்தப்பட்ட இடங்களில் வளரும் சிப்பிகளுக்கோ கதவே மூடிக்கொண்டது: வெளிநாட்டிலிருந்து வரும் அத்தகைய சிப்பிகளைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஏற்பதில்லை என்பது ஒன்றியத்தின் நெடுநாள் விதி; பிரிட்டன் இப்போது வெளிநாடாகிவிட்டது. ஒன்றியம் புதிதாக ஒரு தண்டனை விதியை எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த வேலியின் வெளிப்பக்கத்துக்குப் பிரிட்டன் மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டி நமக்கு நெருக்கமானது. திருப்பூரில் தைத்த பனியன்கள் பிரிட்டன் கிடங்கு ஒன்றுக்குப் போய், அங்கிருந்து அயர்லாந்தின் கடைகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன என்று கொள்வோம். முன்பு பிரிட்டனில் ஒருமுறை தீர்வை செலுத்திவிட்டால் ஒன்றியம் முழுவதும் அது உள்நாட்டுச் சரக்கு. இப்போது நிலைமை வேறு. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான தீர்வை விலக்கு, அவ்விரு இடங்களில் உருவான பொருளுக்கு மட்டுமே உரியது. பனியன் உருவான இடம் இந்தியா. ஆகவே பிரிட்டனில் தீர்வை செலுத்தியிருந்தாலும், டப்ளினில் மறுபடியும் தீர்வை விழும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் பிரிட்டனில் தீர்வை செலுத்தாமல் வைத்திருக்கும் சுங்கக் கிடங்கு ஏற்பாடு வேண்டும், அல்லது அயர்லாந்துக்கான சரக்கை நேராகவே அங்கே அனுப்ப வேண்டும். ஐரோப்பிய வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பும் எவரும், இறக்கும் துறைமுகம் எது, கடைசியில் விற்பனையாகும் நாடு எது என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது இப்போது அவசியம்.

பெட்டியைப் பின்தொடர்ந்தால் மற்றொன்றும் தெரியவரும். பெரிய நிறுவனம் நெதர்லாந்திலோ அயர்லாந்திலோ இன்னொரு கிடங்கு திறந்துகொள்ளும். படிவங்களுக்கென்று தனி அலுவலரை அமர்த்திக்கொள்ளும். பத்துப் பேர் வேலை செய்யும் பாலாடைக்கட்டிப் பண்ணையால் அது முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும் ஆகும் சான்றிதழ்ச் செலவு, சரக்கு சிறிதோ பெரிதோ, ஒன்றுதான். எனவே சுமை சிறியவர்மேல் அதிகமாக விழுகிறது. மொத்த ஏற்றுமதி மதிப்பை மட்டும் பார்ப்பவருக்கு, ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்ட ஆயிரக்கணக்கான சிறு வணிகர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

சேவைத் துறையில் பெட்டி இல்லை, உரிமம்தான் உண்டு. லண்டனில் உரிமம் பெற்ற வங்கி ஒன்றியம் முழுவதும் தொழில் செய்யலாம் என்ற ஏற்பாடு 2020 முடிவோடு நின்றது. அடுத்த மாதமே, ஐரோப்பியப் பங்குகளின் வணிக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது. ஒன்றியத்தின் மருந்து முகமை லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், வங்கி ஒழுங்குமுறை முகமை பாரிஸுக்கும் முன்பே குடிபெயர்ந்துவிட்டன.

நேற்றோடு ஒப்பிடாதீர்கள்

ஒரே வாய்க்காலில் நீர் பாயும் இரண்டு வயல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் புதிய விதையும் மற்றதில் பழைய விதையும் போடப்படுகின்றன. அந்த ஆண்டு மழை பொய்த்து இரண்டிலுமே விளைச்சல் குறைகிறது. புதிய விதை போட்டவர் தம் வயலைச் சென்ற ஆண்டு விளைச்சலோடு ஒப்பிட்டு, விதையால்தான் கெட்டேன் என்றால் அது பிழை. பக்கத்து வயலோடு ஒப்பிட்டால்தான் விதையின் தன்மை தெரியும். பிரிட்டனின் எல்லை மாறிய நேரத்தில்தான் கொரோனா வந்தது; 2022இல் உக்ரைன் போரும் எரிவாயு விலையேற்றமும் வந்தன. எனவே 2015 எப்படி, 2023 எப்படி என்ற ஒப்பீடு எதையும் நிறுவாது. விலகாமல் இருந்திருந்தால் பிரிட்டன் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை வயலோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்தக் கற்பனை வயலைப் பொருளியலாளர்கள் கட்டும் விதம் எளிமையானது. 2016க்கு முன் பிரிட்டனைப் போலவே வளர்ந்த நாடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, கலவையாக ஒரு நிழல் பிரிட்டனை உருவாக்குகிறார்கள். பின்னர் உண்மைப் பிரிட்டன் அந்த நிழலைவிட எவ்வளவு பின்தங்கியது என்று பார்க்கிறார்கள். 2025இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று, மொத்த உள்நாட்டு உற்பத்தி 6 முதல் 8 சதவீதம் குறைவாக இருப்பதாக மதிப்பிட்டது. இந்த முறையின் பலவீனத்தையும் கவனியுங்கள்: கலவையில் எந்த நாடு எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்காவுக்கு அதிக எடை கொடுத்தால், அண்மை ஆண்டுகளில் அந்நாடு கண்ட வேகமான வளர்ச்சியே இடைவெளியைப் பெரிதாக்கிவிடும்.

அரசுக்காகப் பொருளாதார முன்கணிப்புகளைத் தரும் தனி அமைப்பான பிரிட்டனின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகம் பயன்படுத்தும் 4 சதவீதம் என்ற எண் இவற்றுள் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது. மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. பொருளாதாரம் 4 சதவீதம் சுருங்கியது என்பது அதன் பொருளன்று. சுமார் 15 ஆண்டுகள் கழிந்த நிலையில், ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பதே அதன் பொருள். வளர்ச்சி நின்றுவிடாது, இருந்திருக்கக்கூடிய உயரத்தை எட்டாது. ஒன்றியத்தில் நீடித்திருப்பதோடு ஒப்பிட, ஏற்றுமதியும் இறக்குமதியும் நீண்ட காலத்தில் 15 சதவீதம் குறைவாக இருக்கும் என்ற அனுமானமே இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை. எந்த எண்ணைப் பார்த்தாலும், எதோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டில், எதன் அளவு என்ற மூன்றையும் கேட்காமல் அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

இரு தரப்பின் எண்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குத் தரலாம் என்று விலகல் தரப்பினர் பேருந்தில் எழுதி ஊர் ஊராகச் சென்றனர். அது மொத்தத் தொகை. 1984இல் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் பேசிப் பெற்ற கட்டணத் தள்ளுபடி அதில் கழிக்கப்படவில்லை. விவசாய மானியமாகவும் வட்டார வளர்ச்சி நிதியாகவும் திரும்பி வந்த பணமும் கழிக்கப்படவில்லை. அந்த எண் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே அறிவித்தது. மறுபக்கம், 2016 மே மாதம் பிரிட்டன் நிதியமைச்சகம், விலகலுக்கு ஆதரவாக வாக்களித்தாலே உடனடியாகப் பொருளாதார மந்தம் வரும், ஏறத்தாழ 5 லட்சம் பேர் வேலை இழப்பர் என்று முன்னறிவித்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் வேலையின்மை குறையவே செய்தது. பிழையான அந்த முன்னறிவிப்பு, பிற்பாடு வந்த சரியான எச்சரிக்கைகளையும் மக்கள் நம்பாமல் போக வழிவகுத்தது. இந்த இழப்பை எவரும் பவுண்டில் கணக்கிடவில்லை என்பது என் ஆதங்கம்.

மனிதர்களின் கணக்கு

சுதந்திர நடமாட்டம் என்ற உரிமை இருந்தவரை, ஒன்றியத்தின் எந்த நாட்டுக் குடிமகனும் பிரிட்டனுக்கு வந்து வேலை தேடலாம். பிரிட்டன் குடிமகன் ஸ்பெயினில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம். இந்த உரிமையால் பயன் பெற்றோரில் ஈழத் தமிழரும் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் தஞ்சமடைந்து, அங்கே குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையும் உறவினரின் அருகாமையையும் நாடிப் பின்னர் பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். விசா இல்லாமல் வந்த அவர்களுக்கு, 2021 முதல் அங்கே வாழும் உரிமை ஒரு விண்ணப்பத்தைப் பொறுத்ததாக மாறியது.

உங்கள் உறவினர் யாரேனும் இந்நிலையில் இருந்தால் சிலவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 31க்குள் பிரிட்டனில் குடியிருந்தவர்கள், 2021 ஜூன் 30க்குள் குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் தக்க காரணம் காட்டித் தாமதமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்தக் காரணமும் தானாக ஏற்கப்படுவதில்லை என்பதால் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவருக்கு நிரந்தர நிலையும், அதற்குக் குறைந்தவருக்குத் தற்காலிக நிலையும் தரப்பட்டன. தற்காலிக நிலை முடியும் முன் அது தானாக நீட்டிக்கப்படும் ஏற்பாடு 2023இல் வந்தது. அது நீட்டிப்பு மட்டுமே. நிரந்தர நிலை வேறு என்பதை மறக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவருக்கேனும் நிரந்தர நிலை இருக்கும்போது பிரிட்டனில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே பிரிட்டன் குடிமகன். தற்காலிக நிலை மட்டும் இருந்தால் அந்த உறுதி இல்லை. இந்த உரிமைச் சான்று மின்னணுப் பதிவாக மட்டுமே உள்ளது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ கைபேசி எண்ணை மாற்றினாலோ பதிவிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். அயர்லாந்துக் குடிமக்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவர்களுக்கான பயண ஏற்பாடு ஒன்றியத்தைவிடப் பழமையானது.

பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்கள் மட்டுமே தங்கலாம். பாரிஸில் மகள் வீட்டுக்கு லண்டனிலிருந்து அடிக்கடி போய்வரும் பெற்றோர் நாள்களை எண்ணிக் குறித்துவைக்க வேண்டும். கடவுச்சீட்டு, பயண நாளன்று வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் தாண்டாததாக இருக்க வேண்டும் என்ற விதியால் விமான நிலையத்திலிருந்தே திரும்பியவர்கள் உண்டு.

குடியேற்றத்தின் மொத்த எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு கேள்வி எழும். எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே விலகலை ஆதரித்தவர்கள் பலர். வாக்கெடுப்புக் காலத்தில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை), 2023 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் வருகை குறைந்தது. இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து மாணவர்களும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் பெருமளவில் வந்தனர். விலகல் தந்தது கட்டுப்படுத்தும் அதிகாரத்தை. அந்த அதிகாரத்தைக் கொண்டு கதவைத் திறந்ததும், 2024 முதல் விதிகளை இறுக்கி எண்ணிக்கையை வேகமாகக் குறைத்ததும் பிரிட்டன் அரசுகளின் தனி முடிவுகள். அதிகாரம் ஒன்று, அதைப் பயன்படுத்திய விதம் மற்றொன்று. இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுதினால்தான் கணக்கு சரியாக வரும்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

தேசிய சராசரி எதையும் சொல்லாத ஓர் இடம், அயர்லாந்துத் தீவில் பிரிட்டனைச் சேர்ந்த பகுதியான வட அயர்லாந்து. அங்கே 55.8 சதவீதத்தினர் நீடிக்கவே வாக்களித்தனர். அயர்லாந்துக் குடியரசுக்கும் அதற்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் நீள எல்லை வயல்களுக்கும் கிராமங்களுக்கும் நடுவே ஓடுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. பிரிட்டனோடு நீடிக்க விரும்புவோருக்கும் அயர்லாந்தோடு இணைய விரும்புவோருக்கும் இடையிலான முப்பது ஆண்டு வன்முறையில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, 1998இல் ஏற்பட்ட புனித வெள்ளி உடன்படிக்கை அங்கே அமைதியைக் கொண்டுவந்தது. ராணுவச் சாவடிகள் அகன்ற அந்த எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி எழுப்ப எவரும் துணியவில்லை.

பிரிட்டன் முழுவதும் ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேற வேண்டும். அயர்லாந்துத் தீவுக்குள் எல்லைச் சோதனை கூடாது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டன் தீவுக்கும் இடையே கடலிலும் சோதனை கூடாது. இந்த மூன்று விருப்பங்களில் எந்த இரண்டையும் சேர்த்து நிறைவேற்றலாம். மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற வழியில்லை. ஜான்சன் அரசு மூன்றாவதை விட்டுக்கொடுத்தது. லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் உணவுப் பொருளுக்கு, ஒரே நாட்டுக்குள்ளேயே, சான்றிதழ் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்கு வட அயர்லாந்து வயலுக்குப் போக முடியாமல் நின்றது. தங்களை நாட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள் என்று பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புவோர் மனம் கொதித்தனர். அவர்களின் முதன்மைக் கட்சியான ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து விலக, ஈராண்டு காலம் அங்கே செயல்படும் அரசே இல்லை.

2023 பிப்ரவரியில் எட்டப்பட்ட விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே விற்றுத் தீரும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சைத் தடத்தையும், குடியரசுக்குள் போகக்கூடிய சரக்குக்கு முழுச் சோதனை கொண்ட சிவப்புத் தடத்தையும் வகுத்தது. விதை உருளைக்கிழங்குக்கும் வழி பிறந்தது. 2024 பிப்ரவரியில் அரசு மீண்டபோது, முதலமைச்சர் பொறுப்பேற்ற மிஷெல் ஓ’நீல், அயர்லாந்து ஒன்றிணைய வேண்டும் என்ற தரப்பிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் தலைவர். ஒரு விலகலின் விளைவை அறிய விரும்புவோர் நாட்டின் தலைநகரைவிட அதன் விளிம்பை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிடைத்த உரிமைகளையும் எழுதுங்கள்

இழப்பை மட்டும் எழுதுவது முழுக் கணக்காகாது. மாதவிடாய்ப் பொருள்கள் மீதான 5 சதவீத மதிப்புக்கூட்டு வரியை ஒன்றியத்தின் சட்டம் நீக்கவிடவில்லை; 2021 ஜனவரி 1 அன்றே பிரிட்டன் அதை நீக்கியது. 2022இல் ஒன்றியமும் தன் விதியைத் தளர்த்தியது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2023இல் இங்கிலாந்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதன் நீண்டகாலப் பயன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.08 சதவீதம் என்று பிரிட்டன் அரசின் சொந்த மதிப்பீடே சொன்னது. இந்தியாவோடு 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு அமெரிக்கா, பெரும்பாலான பொருள்களுக்குப் பிரிட்டன் மீது 10 சதவீதமும் ஒன்றியத்தின் மீது 15 சதவீதமும் தீர்வை விதித்தபோது, தனியே பேசும் உரிமைக்குப் பயன் இருந்ததைக் கண்கூடாகக் காண முடிந்தது.

இறையாண்மையை எந்தத் தராசிலும் நிறுக்க இயலாது. தம் சட்டத்தைத் தாம் தேர்ந்தெடுத்தவர்களே இயற்ற வேண்டும் என்று ஒருவர் கருதினால், 4 சதவீதத்தைக் காட்டி அவரை மறுக்க முடியாது. அந்த உரிமையின் விலை இவ்வளவு என்று சொல்ல மட்டுமே முடியும். அந்த உரிமை எங்கே சுருங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவுப் பொருள்களின் எல்லைச் சோதனையைக் குறைக்கும் உடன்பாட்டை நோக்கி நகர இரு தரப்பும் இசைந்தன; அதற்காகப் பிரிட்டன் ஒன்றியத்தின் உணவு விதிகளை, அவை மாறும்போதெல்லாம் பின்பற்ற வேண்டும். அந்த விதிகளை இயற்றும் அவையில் பிரிட்டனுக்கு இப்போது வாக்கில்லை. ஒன்றியத்தின் படகுகளுக்குப் பிரிட்டன் கடலில் மீன்பிடி அனுமதி 2038 வரை நீட்டிக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

வேறு விலகல்களுக்குப் பொருத்திப் பார்ப்பது

டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்து 1985இல் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறியது. காரணம் மீன், மக்கள்தொகை சுமார் ஐம்பதாயிரம், டென்மார்க்கோடு தொடர்பும் தொடர்ந்தது. பிரிட்டனுக்கு அதை முன்னுதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தை விட்டு முறைப்படி விலகியது இன்னும் பயனுள்ள ஒப்பீடு. மேலே சொன்ன கேள்விகளை அங்கே எழுப்பிப் பாருங்கள். தேதி: ஓர் ஆண்டு முன்னரே அறிவித்துவிட்டார்கள், விலகிய நாளிலும், அம்மூன்று நாட்டுக் குடிமக்களின் நடமாட்டத்துக்கும் சரக்குக்கும் பழைய சலுகை மறு அறிவிப்பு வரை தொடரும் என்று சமூகம் தெரிவித்தது, ஆகவே அன்றைய தேதியை வைத்து விளைவைத் தேடுவதில் பயனில்லை. அடுக்கு: சமூகத்தை விட்டு விலகினாலும், ஒரே நாணயத்தைப் பயன்படுத்தும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தில் மூன்றும் நீடிக்கின்றன, அதே நாணய ஒன்றியத்தில்தான் செனகல், ஐவரி கோஸ்ட், டோகோ, பெனின் ஆகியவையும் உள்ளன. பெட்டி: மூன்றுக்கும் கடற்கரை இல்லை, டாக்கர், அபிஜான், லோமே, கோட்டனூ ஆகிய துறைமுகங்களில் இறங்கும் கன்டெய்னர் தரைவழியே வந்து சேர வேண்டும். 2025 மார்ச்சில், தமக்கு வெளியிலிருந்து வரும் இறக்குமதிக்கு மூன்று நாடுகளும் 0.5 சதவீத வரி விதித்தன. மனிதர்: ஐவரி கோஸ்ட்டின் தோட்டங்களில் வேலை செய்யும் புர்கினா ஃபாசோ தொழிலாளர்கள் பல லட்சம் பேர். அவர்கள் கையில் இருக்கும் அடையாள அட்டை எல்லையில் எப்படி ஏற்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கத் தொடங்க வேண்டும்.